ஆரம்ப வகுப்புக்காகப் போட்ட கனசதுரம்

ஹைட்ரஜன் குறியீடு ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, நடுவே ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகள். வேதியியல் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க இந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். "இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதால் உண்டாவது சகப்பிணைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்து நீர், அம்மோனியா, மீத்தேன் என்று போய்விடுவோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்தப் புள்ளிகளுக்கு வித்திட்டவர் ஆரம்ப வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் புரியவைக்கப் பாடுபட்ட ஓர் இளம் ஆசிரியர் என்பதை நான் ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகு, நூலகத்தில் வேறு எதையோ தேடும்போதுதான் படித்தேன். அன்றிலிருந்து இதன் முழுக் கதையையும் யாருக்காவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

புள்ளிகளுக்கு முன்னால் கோடு வந்தது. கோட்டுக்கும் முன்னால் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வேதியியலில் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் வைத்ததுதான் சட்டம். நேர்மின் தன்மை உள்ள அணுவும் எதிர்மின் தன்மை உள்ள அணுவும் ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் சேர்மம் உண்டாகிறது என்றார் அவர். சாப்பாட்டு உப்புக்கு இது அச்சாகப் பொருந்தும். ஆனால் ஹைட்ரஜன் வாயு? அதில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்திருக்கின்றன என்று அவகாட்ரோ 1811-ல் சொன்னதை ஏற்றால், ஒரே மாதிரி மின்தன்மை உள்ள இரண்டு அணுக்கள் எப்படி ஒட்டிக்கொண்டன என்று பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லை. அதனால் அவகாட்ரோவையே ஓரம் கட்டிவிட்டார்கள். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் கன்னிசாரோ அவருடைய கருத்தை மீண்டும் எடுத்துப் பேசும்வரை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நீரின் வாய்பாட்டில்கூட அதுவரை எல்லோருக்கும் ஒத்த கருத்து இல்லை. சகப்பிணைப்பு என்ற ஒன்று விளங்காமல் இருந்ததற்கு வேதியியல் கொடுத்த விலை இது.

பெர்சீலியஸின் கோட்டையில் முதல் ஓட்டை மெழுகுவத்தியால் விழுந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பாரிஸின் துய்லெரி அரண்மனை விருந்து ஒன்றில் ஏற்றிய மெழுகுவத்திகள் தொண்டையைக் கமறவைக்கும் புகையைக் கக்கின. காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு இளம் வேதியியலாளர் தூமாவிடம் வந்தது. மெழுகை வெளுக்கக் குளோரின் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் குளோரின் மெழுகில் இருந்த ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கதையின் நுணுக்கங்கள் எப்படியோ, தூமா அடுத்துச் செய்தது வரலாறு. 1830-களின் இறுதியில் அசிட்டிக் அமிலத்தின் நான்கு ஹைட்ரஜன்களில் மூன்றை எடுத்துவிட்டு மூன்று குளோரின்களை வைத்தார். அது அப்போதும் அமிலமாகவே, பழைய குணத்தோடு இருந்தது. நேர்மின் தன்மையுள்ளது என்று சொல்லப்பட்ட ஹைட்ரஜனின் நாற்காலியில் எதிர்மின் தன்மையுள்ள குளோரின் உட்கார முடிகிறது என்றால், சேர்மத்தைக் கட்டிவைப்பது நேரும் எதிரும் மட்டும் இல்லை.

பிறகு கோடு வந்தது. அதை வரைந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர். ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிஸில் வூர்ட்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் இருந்தபோது, கார்பனுக்கு நான்கு கைகள் உண்டு, கார்பனும் கார்பனும் கைகோத்துச் சங்கிலியாக நீள முடியும் என்று எழுதினார். அந்தக் கைகளைப் புள்ளிக்கோடாகவும் சிறு கோடாகவும் வரைந்தும் காட்டினார். கட்டுரையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைக்க உறுப்பினர் ஒருவர் வேண்டும். வூர்ட்ஸ் அப்போது உறுப்பினர் இல்லை. நாள்கள் கழிந்தன. 1858 மே மாதம் ஜெர்மானியர் கெக்குலே அதே கருத்தை அச்சில் கொண்டுவந்துவிட்டார். கூப்பரின் கட்டுரையை ஜூன் 14-ஆம் தேதி தூமா முன்வைத்தார். சில வாரத் தாமதம்தான். கூப்பர் வூர்ட்ஸிடம் சண்டை போட்டார், ஆய்வகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், எடின்பரோ திரும்பினார், மனநலம் குலைந்தது. கிர்கின்டில்லாக்கில் தாயாரின் பராமரிப்பில் இருந்தார். 1892-ல் இறக்கும்வரை வேதியியல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கெக்குலேக்குப் பின் பான் நகரப் பேராசிரியராக வந்த அன்ஷுட்ஸ் பழைய இதழ்களைப் புரட்டியபோது கூப்பரின் கட்டுரை கண்ணில் பட்டு, இந்த மனிதர் யார், எங்கே போனார் என்று தேடி எழுதியிராவிட்டால் இந்தப் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது. நாம் வரையும் ஒவ்வொரு கோட்டிலும் கூப்பருக்குப் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

எடின்பரோவைச் சேர்ந்த கிரம் பிரவுன் 1861-ல் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் ஒவ்வொரு அணுவையும் வட்டத்துக்குள் எழுதி, வட்டங்களைக் கோட்டால் இணைத்தார். இன்றைய அமைப்பு வாய்பாட்டிலிருந்து வட்டத்தை மட்டும்தான் நாம் எடுத்துவிட்டிருக்கிறோம். ஃபிராங்க்லாண்ட் 1866-ல் மாணவர்களுக்காக எழுதிய பாடக்குறிப்பு நூலில் அந்த முறையைக் கையாண்டு, கோட்டுக்குப் பிணைப்பு என்று பெயரும் வைத்தார். இருவருமே ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தார்கள்: இந்தக் கோடு அணுக்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டவில்லை, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது என்று எழுதிவைத்தார்கள்.

வேதியியலாளர் ஹோஃப்மன் 1865 ஏப்ரல் 7 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பொதுமக்களுக்கு நடத்திய உரையில், அந்நாளில் அங்கே எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்த குரோக்கே ஆட்டத்தின் மரப்பந்துகளுக்கு வண்ணம் பூசி, அணுக்களாகக் காட்டக் கொண்டுவந்தார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. நம் பள்ளி ஆய்வக அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் பந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள், அதே நிறங்கள்தான். ஒன்பது ஆண்டு கழித்து, 22 வயது வான்ட் ஹாஃப் அந்தக் கார்பனின் நான்கு கைகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீளுகின்றன என்று சிறு பிரசுரம் போட்டார். பிறகு அவர் ஊட்ரெக்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்; அதைச் சொல்லிக் காட்டியே 1877-ல் மூத்த வேதியியலாளர் கோல்பே அவரை அச்சில் இழிவுபடுத்தினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அதே வான்ட் ஹாஃபுக்குத்தான் போனது.

இவ்வளவும் நடந்தும் அந்தக் கோடு எதனால் ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை அடையாளம் காட்டிய பிறகும், பலரும் மீண்டும் பெர்சீலியஸ் பாதைக்கே போனார்கள்: ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்குகிறது. ஹைட்ரஜன் வாயுவில் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்ற பழைய கேள்வி அப்படியே நின்றது.

இனி லூயிஸ். கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1875-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, நெப்ராஸ்காவில் வளர்ந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1902-ல் அங்கே இளநிலை ஆசிரியர். தொடக்க நிலை மாணவர்களுக்குத் தனிம வரிசை அட்டவணையைப் புரியவைக்க வேண்டும். ஏன் எட்டுக்கு ஒரு முறை குணம் திரும்புகிறது? சோடியம் ஏன் ஒன்றைக் கொடுக்கிறது, குளோரின் ஏன் ஒன்றை வாங்குகிறது? இதைச் சொல்லித்தர அவர் அணுவைக் கனசதுரமாக வரைந்தார். கனசதுரத்துக்கு எட்டு மூலை. மூலைக்கு ஓர் எலக்ட்ரான். மூலைகள் நிறைந்தால் அணு நிறைவடைகிறது. அதன் மேல் அடுத்த கனசதுரம் தொடங்குகிறது. 1902 மார்ச் 28 தேதியிட்ட அந்தக் குறிப்புத்தாள் இன்னும் இருக்கிறது. லூயிஸே 1923-ல் வெளியிட்ட தன் நூலில் அதை அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். பேனாவால் அவசரமாகப் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள். பாடக்குறிப்பு எழுதும் எந்த ஆசிரியரின் நோட்டிலும் இருக்கும் கை அது.

அந்தத் தாளில் எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் இருந்தன, பங்கிடுவது இல்லை. அதையும்கூட அவர் வெளியிடவில்லை. தான் சொல்வதைக் கேட்க அங்கே ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை என்று பின்னாளில் இயற்பியலாளர் மில்லிகனுக்கு எழுதிய கடிதத்தில் வருந்தியிருக்கிறார். பிறகு மணிலாவில் எடை அளவைத் துறையில் சிறிது காலம், அங்கிருந்து எம்.ஐ.டி., 1912-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி. பெர்க்லியில் வேதியியல் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. மணிலாவில் பழகிய சுருட்டு கையில் புகைய, வாரந்தோறும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் ஒரே அறையில் கூடி விவாதிக்கும் வழக்கத்தை அவர் அங்கே உண்டாக்கினார். நேற்றுச் சேர்ந்த மாணவனும் பேராசிரியரை மறுத்துப் பேசலாம். சகப்பிணைப்பு முழு வடிவம் பெற்ற இடம் இந்தக் கூட்டங்கள் நடந்த பெர்க்லிதான்.

1913-ல் லூயிஸ், பிணைப்பு ஒரே வகை இல்லை, மின்முனைவு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று பிரித்தார். இரண்டாவது வகை எப்படி உண்டாகிறது என்பதற்கான விடை 1916 ஏப்ரலில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் வந்தது. கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், அணுவும் மூலக்கூறும். இரண்டு குளோரின் கனசதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஏழு எலக்ட்ரான்கள், ஒரு மூலை காலி. இரண்டையும் ஒரு விளிம்பில் ஒட்டவைத்தால் அந்த விளிம்பின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் இரண்டு அணுவுக்கும் சொந்தம். பொதுச்சுவர் கொண்ட இரண்டு வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுக்கு நான்கு சுவர் என்றுதான் எண்ணுவார். மொத்தம் ஏழு சுவர்தான் இருக்கும். அந்தக் கணக்குத்தான் இங்கேயும்: மொத்தம் பதினான்கு எலக்ட்ரான், ஆனால் ஒவ்வொரு குளோரினும் தன்னைச் சுற்றி எட்டு எண்ணிக்கொள்கிறது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. பெர்சீலியஸ் காலத்து முட்டுக்கட்டை இந்த ஒரு வரியில் விலகியது.

இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு கனசதுரங்களும் ஒரு முகத்தைப் பகிர்ந்தால் போதும். மும்மைப் பிணைப்புக்குக் கனசதுரம் ஒத்துவரவில்லை. உடனே அதே கட்டுரையிலேயே தன் கனசதுரத்தை அவர் கைவிட்டார். எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்முகியின் நான்கு முனைகளில் வைத்தார். வான்ட் ஹாஃபின் நான்முகி இப்போது எலக்ட்ரானோடு திரும்பி வந்தது. பதினான்கு ஆண்டு போற்றிய படம் உண்மைக்கு இடைஞ்சலாக வந்தபோது தயங்காமல் விட்டதுதான் லூயிஸிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

அச்சில் அதைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட குறி எந்த அச்சகத்திலும் இருக்கும் முக்காற்புள்ளி. இரண்டு குறியீடுகளுக்கு நடுவே ஒரு முக்காற்புள்ளி போட்டால் ஓர் எலக்ட்ரான் இரட்டை. பழைய கோட்டின் இடத்தில் அப்படியே பொருந்தியது. கூப்பர் வரைந்த கோட்டின் பொருள், 58 ஆண்டு கழித்துத் தெரியவந்தது.

இரட்டை என்பதற்கு அவர் தந்த சான்று மிக எளிமையானது. என் வகுப்புகளில் அதை மாணவர்களையே எண்ணிப் பார்க்கவைப்பேன். மூலக்கூறில் உள்ள எல்லா எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். மீத்தேனில் 10, நீரில் 10, அம்மோனியாவில் 10, கார்பன் டை ஆக்சைடில் 22. எல்லாம் இரட்டைப்படை எண். நமக்குத் தெரிந்த சேர்மங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். ஒற்றைப்படை வருவது அபூர்வம்: நைட்ரிக் ஆக்சைடில் 15, நைட்ரஜன் டை ஆக்சைடில் 23. நைட்ரிக் ஆக்சைடு காற்றுப் பட்டதுமே ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. அந்தப் பழுப்பு வாயுவைக் குளிரவைத்தால் இரண்டு மூலக்கூறு சேர்ந்து நிறமற்ற ஒன்றாகிவிடும், எண்ணிக்கை 46. ஜோடி தேடும் எலக்ட்ரானின் தவிப்பைச் சோதனைக் குழாயில் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தக் கருவியும் இல்லாமல், கூட்டல் கணக்கால் லூயிஸ் அணுவுக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துவந்த ஒரு மாணவி, நான் குளோரினுக்குப் புள்ளி வைத்து முடித்ததும் எழுந்து கேட்டாள்: "சார், ரெண்டு எலக்ட்ரானும் நெகட்டிவ்தானே? ஒண்ணையொண்ணு தள்ளத்தானே செய்யும்? எப்படி சார் ஜோடி சேரும்?" வேதியியல் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. ஏனென்றால் லூயிஸையே இது உறங்கவிடாமல் செய்த கேள்வி. மிக நெருங்கிய தூரத்தில் மின்விசைக்கான கூலும் விதியே செல்லாமல் போகலாம் என்று 1916-ல் சொல்லிப்பார்த்தார். ஆல்ஃபிரெட் பார்சன் என்ற இளைஞர் 1915-ல் எலக்ட்ரானைச் சிறு காந்தமாகக் கற்பித்திருந்தார். இரண்டு காந்தங்கள் முனை மாறிச் சேர்வது போல் சேருமோ என்றும் யோசித்தார். விடை அவர் கையில் இல்லை. ஜோடி சேர்கிறது என்பதற்கு வேதியியல் முழுக்கச் சான்று. ஏன் சேர்கிறது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்த நிலையில் அதை வெளியிடும் துணிவு வேண்டும். இயற்பியலாளர்கள் ஏற்கவில்லை. 1913-ல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வரைந்த அணுவில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. லூயிஸின் எலக்ட்ரான்களோ மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

முதல் உலகப் போரில் அமெரிக்காவும் இறங்கியது. லூயிஸ் ராணுவத்தின் வேதிப்போர்ப் பிரிவில் பிரான்ஸுக்குப் போனார். அவர் திரும்பிவந்து பழைய வேலையைத் தொடங்கிய 1919-ல், ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த இர்விங் லாங்மியூர் அதே கருத்தை எடுத்து விரித்து, நீண்ட கட்டுரைகள் எழுதி, ஊர் ஊராக உரையாற்றினார். லாங்மியூர் பேச்சில் வல்லவர். லூயிஸுக்கு மேடையே ஆகாது. சகப்பிணைப்பை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லும் எட்டு எலக்ட்ரான் தொகுதியைக் குறிக்கும் சொல்லும் லாங்மியூர் தந்தவை. சிறிது காலத்தில் பலரும் அதை லாங்மியூர் கொள்கை என்றே எழுதத் தொடங்கினார்கள். லாங்மியூர் தன் கட்டுரையில் லூயிஸின் பெயரைச் சொல்லத்தான் செய்தார். ஆனாலும் லூயிஸுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. தன் பங்கைத் தெளிவாக்க அவர் எழுதியதுதான் 1923-ன் நூல். வாய்வீச்சு உள்ளவர் பக்கம் புகழ் சாய்வது எல்லாத் துறையிலும் நடப்பதுதான் என்றாலும், லூயிஸ் விஷயத்தில் அது நியாயம் இல்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை 1927-ல் சூரிச்சில் கிடைத்தது. வால்டர் ஹைட்லர், ஃப்ரிட்ஸ் லண்டன் இருவரும் குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரிடம் வேலை செய்ய வந்த இளைஞர்கள். வெக்கை தாங்காத ஒரு நாள், ஹைட்லர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் மாலை ஐந்து மணிக்கு விழித்தார். கண்ணெதிரே இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் அலைச்சார்புகள், கூட்டல் குறியோடும் கழித்தல் குறியோடும் இணைந்து நின்றன என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். லண்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் ஓடிவந்தார். அன்று இரவுக்குள் பெரும்பகுதி வேலை முடிந்தது.

அவர்கள் கண்டது இது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவது உண்மை. அது எங்கும் ரத்தாகவில்லை. ஆனால் எதிரெதிர்த் தற்சுழற்சி உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளப் பௌலியின் விதி அனுமதிக்கிறது. இது இன்னாருடைய எலக்ட்ரான், அது இன்னாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் இரண்டு அணுக்கருக்களையும் சூழ்ந்து பரவுகின்றன. இரண்டு கருக்களும் நடுவில் உள்ள எலக்ட்ரான் மேகத்தை ஈர்க்கின்றன. எலக்ட்ரானுக்கு நடமாட இடமும் கூடுகிறது. மொத்தக் கணக்கில் ஆற்றல் குறைகிறது, அணுக்கள் பிரியாமல் நிற்கின்றன. தற்சுழற்சி ஒரே திசையில் இருந்தாலோ, விலகத்தான் செய்யும். அவர்கள் முறையில் வரும் பிணைப்பு ஆற்றல் 3.14 எலக்ட்ரான் வோல்ட். உண்மை அளவு ஏறத்தாழ 4.75. மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் முதன்முறையாக, சோதனையிலிருந்து எந்த எண்ணையும் கடன் வாங்காமல், இரண்டு ஹைட்ரஜன் ஏன் ஒட்டுகிறது என்பதைக் காகிதத்திலேயே காட்டிவிட்டார்கள். 1933-ல் ஜேம்ஸ், கூலிட்ஜ் இருவரும் கணக்கை விரித்து 4.72 வரை கொண்டுவந்தார்கள். லூயிஸுக்குக் கேட்க ஆள் கிடைக்காத ஹார்வர்டில்தான் அந்தக் கணக்கு நடந்தது.

பாலிங்கைச் சொல்லாமல் இது நிறையாது. ஓரிகன் விவசாயக் கல்லூரியில் பதினெட்டு வயதில் மாணவர்களுக்குப் பகுப்பாய்வு சொல்லித்தரும் உதவி ஆசிரியராக இருந்த லைனஸ் பாலிங், ஓய்வு நேரத்தில் இதழ்களைப் புரட்டும்போது லூயிஸ், லாங்மியூர் கட்டுரைகளைப் படித்தார். வாழ்க்கையே அந்தப் பக்கம் திரும்பியது. 1931-ல் இனக்கலப்பு, 1932-ல் எலக்ட்ரான் கவர்தன்மை அளவீடு. ஹைட்ரஜன் குளோரைடில் எலக்ட்ரான் இரட்டையைக் குளோரின் தன் பக்கம் அதிகம் இழுத்துக்கொள்கிறது. பங்கு உண்டு, சமபங்கு இல்லை. மின்முனைவு உள்ளது, இல்லாதது என்பவை இரண்டு தனிப் பெட்டிகள் இல்லை, ஒரே பாதையின் இரண்டு முனைகள் என்று லூயிஸும் 1916-லேயே சொல்லியிருந்தார். பாலிங் அதற்கு எண் கொடுத்தார். 1939-ல் வேதிப்பிணைப்பின் இயல்பு பற்றி அவர் வெளியிட்ட பெருநூலை லூயிஸுக்குக் காணிக்கையாக்கினார்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பிணைப்பு விறைத்த கம்பி இல்லை, அதிர்ந்துகொண்டே இருப்பது. ஹைட்ரஜன், நைட்ரஜன் போல இரண்டு பக்கமும் ஒரே அணு உள்ள மூலக்கூறு, அந்த அதிர்வால் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சாது. அதாவது அப்பழுக்கில்லாத சமபங்குச் சகப்பிணைப்பு அகச்சிவப்புக் கருவியின் கண்ணில் படாது. 1928-ல் கல்கத்தாவில் ராமன் கண்ட ஒளிச்சிதறலில் அது தெரிகிறது. இத்தாலியர் ரசெட்டி அடுத்த ஆண்டே இந்த வாயுக்களின் ராமன் நிறமாலையை எடுத்துவிட்டார். ஹைட்ரஜனின் அதிர்வு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4160 அலைகள் என்று நாம் பாடத்தில் எழுதும் எண்ணுக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார்.

லூயிஸின் முடிவு வருத்தமானது. நாற்பதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் போயும் நோபல் பரிசு வரவில்லை. லாங்மியூருக்கு 1932-ல், லூயிஸிடமே படித்த யூரிக்கு 1934-ல், பாலிங்குக்கு 1954-ல் என்று சுற்றிலும் எல்லோருக்கும் வந்தது. 1946 மார்ச் 23 அன்று பெர்க்லி ஆய்வகத்தில் திரவ ஹைட்ரஜன் சயனைடு வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர் தரையில் இறந்து கிடந்தார். அறையில் அந்த வாயுவின் நெடி இருந்தது. மருத்துவர்கள் இதயநோய் என்றார்கள். அன்று மதியம் அவர் லாங்மியூரோடு உணவருந்தியிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதைக் கொண்டு இறப்புக்கு வேறு காரணம் கற்பிப்பவர்களும் உண்டு. சான்றில்லாத அந்தப் பேச்சை நான் நம்புவதில்லை. எழுபது வயதிலும் கண்ணாடிக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர், வேலை நடுவே போய்ச் சேர்ந்தார்.

2009-ல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில், முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்த ஊசியைப் பென்டசீன் என்ற மூலக்கூறின் மேல் மெல்ல நகர்த்திப் படம் எடுத்தார்கள். ஐந்து அறுகோணங்களும் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொரு பிணைப்பும் ஒரு கோடாக. 2013-ல் பெர்க்லியிலேயே ஒரு குழு, வினை நடக்குமுன்னும் நடந்த பின்னும் அதே மூலக்கூறைப் படம் எடுத்து, பிணைப்புகள் இடம் மாறியிருப்பதைக் காட்டியது. உண்மையான இடத்தைக் காட்டவில்லை என்று கிரம் பிரவுன் எச்சரித்த கோடுகள், பெரும்பாலும் அவர் காலத்தவர் வரைந்தபடியே படத்தில் வந்தன.

பாடநூல் எழுதுவோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். கடைகளில் விற்கும் கைடுகளில் சகப்பிணைப்பு என்றால் "எலக்ட்ரான்களைச் சமமாகப் பங்கிடுதல்" என்று போட்டிருக்கிறது. மாணவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் "சமமாக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நீரிலேயே அது பொய்த்துவிடுகிறது. இன்னொன்று, புள்ளி வைத்து முடித்ததும் அடுத்த பாடத்துக்கு ஓடாமல், இரண்டு எதிர்மின் துகள்கள் ஏன் ஜோடி சேர்கின்றன என்று வகுப்பைக் கேளுங்கள். ஒரு பீரியட் போனாலும் பரவாயில்லை.